வாசலுக்கு வெளியேயும் நம்முடையதுதான்

(மேட்டுப்பாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மண்டி வேலையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் நண்பர்களே, விடியும் முன்பே எழுந்து இந்த ஊரைக் கூட்டிப் பெருக்கிவிட்டு இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தூய்மைப் பணியாளர்களே, பின்னால் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு நான் பேசப்போவது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் எனக்கும் பொறுப்போடு பேச வரும்.

2024 டிசம்பரில் நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் திறந்தவெளியில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. 3 நாளுக்குள் கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவிட்டது. லாரிகள் வந்தன, அள்ளிக்கொண்டு திரும்பின. தமிழ்நாடே அதை வரவேற்றது. நானும் வரவேற்றேன். யார் உண்டாக்கிய குப்பையோ அவர்தான் அதற்குப் பொறுப்பு, எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டதாலேயே அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதுதான் அந்த உத்தரவின் சாரம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இதே நியாயத்தை நம் ஊருக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்தின் சாக்கடைகளும் ஓடைகளும் பவானியில் போய் விழுகின்றன. அந்த ஓடைகளில் நாம் போட்ட பாலித்தீன் பையும் தெர்மாகோல் தட்டும் ஒரு நல்ல மழைக்கு ஆற்றில் இறங்கிவிடும். சிறுமுகையைத் தாண்டினால் பவானிசாகர் அணை. அதற்கும் கீழே சத்தியமங்கலம், கோபி, அப்புறம் கூடுதுறை. "உங்கள் ஊர்க் குப்பையை நீங்களே வந்து அள்ளிக்கொண்டு போங்கள்" என்று சத்தியமங்கலத்துக்காரர் நம்மைக் கேட்டால் நாம் எத்தனை லாரி அனுப்ப வேண்டியிருக்கும்?

பவானியின் போக்கையே பாருங்கள். நீலகிரியில் பிறக்கிறது. அட்டப்பாடிப் பக்கம் கேரளத்துக்குள் போகிறது. முக்காலி அருகே கிழக்கே திரும்பி மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. பில்லூர் அணையில் தேங்கி, நெல்லித்துறை வழியாக நம்மிடம் வருகிறது. குன்னூர் ஆறும் கல்லாறும் இந்தப் பக்கத்தில்தான் அதோடு சேருகின்றன. குன்னூரில் ஓடையில் எறிந்தது நம் படித்துறைக்கு வருகிறது, நாம் எறிந்தது கீழ்பவானிப் பாசனத்துக்குப் போகிறது. அந்தப் பாசனம் மட்டும் 2,07,000 ஏக்கர். திருப்பூருக்குக் குடிநீர் போனதும் நம் ஊர்ப் பவானியிலிருந்துதான். மேலே இருப்பவன்மேல் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறதோ, அவ்வளவு கோபத்துக்கு நாமும் கீழே இருப்பவனிடம் ஆளாக வேண்டியவர்கள்.

இந்த ஆற்றுக்காக இந்த வட்டாரம் போராடாமல் இருந்ததில்லை. சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆற்றின் நிறமே மாறிப்போனது. மீன் செத்து மிதந்தது. அணையில் மீன் பிடித்துப் பிழைத்தவர்களும் ஆற்றங்கரை விவசாயிகளும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். ஆலை பிறகு மூடப்பட்டது. அன்றைக்குக் கை நீட்டிக் காட்ட ஓர் ஆலை இருந்தது, அதற்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது சிறுமுகை முதல் காளிங்கராயன் வரை பவானி அதில் இடம்பெற்றது. ஆலை போய் இத்தனை வருடம் கழித்தும்! இப்போது பெயர்ப்பலகை இல்லை. ஆலைக் கழிவு இன்னும் சில இடங்களில் இருக்கலாம், அதை விடக்கூடாது. ஆனால் ஊர்ச் சாக்கடைக்கும் ஊர்க் குப்பைக்கும் யார்மேல் வழக்குப் போடுவது? ஒரு வீட்டின் பங்கு ஒரு கைப்பிடி. அதனால் எந்த வீட்டுக்கும் குற்றமே தெரிவதில்லை.

இரண்டு பதில்கள் நமக்குப் பழகிப்போய்விட்டன. ஒன்று, "வரி கட்டுகிறோம், நகராட்சி பார்த்துக்கொள்ளட்டும்." இன்னொன்று, "ஒவ்வொருவரும் திருந்தினால் ஊர் திருந்தும்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டுமே போதாது. ஏன் என்று விளக்க, குப்பை என்னவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி, அடுப்படியிலிருந்து வருவது. காய்கறித் தோல், வாழை இலை, மிஞ்சிய சோறு, டீத்தூள். இதைத் தனியாக எடுத்து, காய்ந்த சருகோடு மாற்றி மாற்றி அடுக்கி, காற்றோட்டமாக வைத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் எருவாகிவிடும். நாற்றம் இருக்காது. அதே காய்கறித் தோலைப் பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டால் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குப்பைமேடு தானாகத் தீப்பிடிப்பதற்கும் அதுவே ஒரு காரணம். அழுகிய சாறு கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கும்.

இப்போது ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டில் எட்டு வீடு பிரித்துக் கொடுக்கிறது, இரண்டு வீடு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிறது. அந்த இரண்டு பையில் ஒரு குழந்தையின் டயப்பர், ஓர் உடைந்த டியூப்லைட், ஒரு பழைய பிளேடு. வண்டியில் கொட்டியதும் எட்டு வீட்டு நல்ல குப்பையும் அதோடு சேர்ந்து கெட்டுவிடும். கண்ணாடித் தூள் கலந்த எருவை எந்த விவசாயி தோட்டத்தில் இறைப்பார்? ஆக, ஒரு வீடு மட்டும் திருந்தினால் போதாது. நகராட்சி எத்தனை பேட்டரி வண்டி வாங்கினாலும் போதாது, ஏனென்றால் கலந்த பிறகு பிரிப்பது ஏறக்குறைய முடியாத வேலை. ஊர் என்பது பெரிது, வீடு என்பது சிறிது. இடையில் இருக்கும் தெருதான் இதைத் தாங்கும் சரியான அளவு. ஒரு தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரு வீட்டுப் பெரியம்மா பக்கத்து வீட்டு அம்மணியிடம், "ஏன் கண்ணு, பச்சைக் கூடையில கவரைப் போட்டிருக்கறே?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை அதிகாரி கேட்டால் சண்டை வரும்.

இதை ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒரு தெருவின் வீடுகள் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டன. அந்தப் பணத்தில் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவர் மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாக வந்து குப்பையை வாங்கிக்கொண்டு போனார். தெருமுனையில் நிரம்பி வழிந்த குப்பைத்தொட்டி தேவைப்படாமல் போனது. பல நகரங்களுக்கு அது பரவியது. பிறகு உள்ளாட்சிகளே வீட்டு வாசலுக்கு வந்து குப்பை வாங்கத் தொடங்கின. நல்ல மாற்றம்தான். ஆனால் அதில் ஒன்று தொலைந்தது என்று நான் நினைக்கிறேன். தெருக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை கூடிப் பேசிக்கொண்ட அந்தக் கூட்டம் பல இடங்களில் நின்றுபோனது. வண்டி வருகிறது, குப்பை போகிறது, இடையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பணம் குறைவாக இருந்தபோது இருந்த பொறுப்பு, வசதி வந்ததும் தளர்ந்துவிட்டது.

கேரளத்தைக் குறை சொல்லித் தொடங்கினேன். அங்கிருந்தே நல்லதையும் சொல்ல வேண்டும். ஆலப்புழை நகராட்சி தன் குப்பையைப் பக்கத்தில் உள்ள சர்வோதயபுரம் என்ற ஊரில் கொட்டிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்த அந்த ஊர் மக்கள் 2012இல் லாரிகளை மறித்துவிட்டார்கள். போகிற வழி அடைபட்டதும் நகரமே நாறியது. அப்போது அவர்கள் வேறு ஊரைத் தேடிப் போகவில்லை. அடுப்படிக் குப்பையை வீட்டிலேயே குழாய்களில் போட்டு உரமாக்கினார்கள், எரிவாயுக் கலன் வைத்தார்கள். வீட்டில் இடமில்லாதவர்களுக்காகத் தெருக்களின் நடுவே தும்பூர்முழி முறையில் காற்றோட்டமான உரத்தொட்டிகள் கட்டினார்கள். சருகு ஓர் அடுக்கு, குப்பை ஓர் அடுக்கு. முன்பு ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த மூலைகளில் அந்தத் தொட்டிகள் நின்றன. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்துக்கு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

நம் பக்கத்தில் வெள்ளலூர் இருக்கிறது. கோவையின் குப்பையில் பெரும்பகுதி போகும் சுமார் 650 ஏக்கர் கிடங்கு. 2024 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. சுற்றியிருந்த ஊர்களில் குழந்தைகளும் வயதானவர்களும் அந்தப் புகையைத்தான் மூச்சாக இழுத்தார்கள். வெள்ளலூர்க்காரர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? சர்வோதயபுரம்போல அவர்களும் ஒருநாள் சாலையில் உட்கார்ந்தால் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது. ஓர் ஊரின் சுத்தம் இன்னோர் ஊரின் நோயாக இருக்கிறது. இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

நமக்கு எரு புதிதல்ல. கொங்கு நாட்டில் ஒவ்வொரு தோட்டத்துச் சாளைக்கும் ஒரு குப்பைக்குழி இருந்தது. மாட்டுச்சாணம், தீவனக் கழிவு, அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு எல்லாம் அதில் விழும். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வண்டி கட்டி அதைக் காட்டுக்கு அடிப்பார்கள். அந்தக் குழியில் இரண்டு மாற்றங்கள் வந்தன. மாடு குறைந்தது, பிளாஸ்டிக் வந்தது. காப்புக்கட்டுக்கு முந்தின நாள் வீட்டைச் சுத்தம் செய்து வெளியே தள்ளுவதில் இன்று பழைய பாயும் கூடையும் இல்லை. ரெக்சினும் ஸ்பாஞ்சும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும்தான். இவை எந்தக் குழியிலும் மக்காது. சிப்ஸ் பாக்கெட்டின் உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறதே, அந்த அடுக்குத் தாளைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். அது சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் கிடக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பகிர்ந்த பொறுப்பு என்றால் வீட்டுக்காரரும் தூய்மைப் பணியாளரும் மட்டும் பகிர்ந்துகொள்வது இல்லை. அந்தப் பாக்கெட்டை உண்டாக்கி விற்று லாபம் பார்த்தவருக்கும் பங்கு உண்டு. இதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. மலையில் உடைந்து கிடந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் 2022 மே மாதம் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பெரும்பகுதி பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. அடுத்த ஆண்டு கோவை மாவட்டத்துக்கும் அது வந்தது. யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. பாட்டிலுக்கு ஒரு விலை வைத்தார்கள், வாங்கிக்கொள்ள ஓர் ஆளை வைத்தார்கள். அந்த வேலை கடை ஊழியர்களுக்குச் சுமையானது என்பதும் உண்மை, அதற்கு ஆள் போட்டுத்தான் ஆக வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் இந்த ஏற்பாட்டை ஏன் செய்யக் கூடாது? கோவைப் பக்கமிருந்து ஊட்டிக்குப் போகும் பெரும்பாலான வண்டிகள் நம் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. மலையில் பிளாஸ்டிக்குக்குச் சோதனை இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பர்லியாருக்கு முன்பே, கல்லாறு சாலையோரத்தில், கையில் இருப்பதை வீசிவிட்டுப் போகிறார்கள். மலை தப்பித்துக்கொள்கிறது, அடிவாரம் வாங்கிக்கொள்கிறது.

அடிவாரத்தில் நாம் மட்டும் இல்லை. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. வயிற்றில் 15 மாதக் கரு இருந்தது, பிளாஸ்டிக்கும் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு குப்பைக்கிடங்கும் இருந்தது. யானைக்கு உப்பும் உணவு வாசனையும் கிடைத்தால் வந்துவிடும், பையைப் பிரித்துத் தின்னத் தெரியாது, பையோடு தின்னும். நம் ஊரில் சமயபுரம் பக்கம் சாலையைக் கடக்கும் பாகுபலி யானையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் நீங்கள். அவன் வரும் வழியில் மிஞ்சிய பிரியாணியைக் கவரோடு வைத்துவிட்டு வரும் கடையை நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

இனி, பேசக் கூச்சப்படும் ஒரு விஷயம். நாம் ஏன் நம் குப்பையை நம்முடையதாக நினைப்பதில்லை? தொட்டால் தீட்டு என்று வைத்தோம். தொடுவதற்கென்று சில சாதியாரைப் பிறப்பாலேயே ஒதுக்கி வைத்தோம். சட்டம் மாறியிருக்கிறது, பதவிப் பெயர் மாறியிருக்கிறது. வாசலில் வண்டி வந்து நிற்கும்போது பையைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போகிற பழக்கம் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றாமல் போடுகிறவர், அதை ஒரு மனிதர் கையால் எடுப்பார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அதைப் பொதிந்துதான் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இந்த ஊரில் குப்பையின் கதை நேராக வேண்டுமானால், முதலில் அதை எடுப்பவர் கூலியும், கையுறையும், மருத்துவமும், மரியாதையும் நேராக வேண்டும். தெருக்கூட்டம் போட்டால் அந்தத் தெருவுக்கு வரும் பணியாளரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். எந்த வீடு பிரித்துத் தருகிறது, எந்த வீடு தருவதில்லை என்று அவருக்குத்தான் தெரியும்.

சேர்ந்து ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள இந்த மண்ணுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஓடந்துறை இருக்கிறது. ஒரு சிறிய ஊராட்சி, வங்கியில் கடன் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊர் மின்கட்டணத்தை அதிலிருந்து சரிக்கட்டி, மிச்ச மின்சாரத்தை விற்றுக் கடனை அடைத்தது. காற்றை ஊர்ச் சொத்தாக்கிக் கணக்கு வைக்க முடிந்தவர்களின் பக்கத்து ஊர் நாம்.

ஆகவே மூன்று தரப்பாரிடம் நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். முதலில் மண்டிக்காரர்கள். நீலகிரியிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் உருளைக்கிழங்கு வந்து ஏலம் போவது இங்கேதான். அழுகிய கிழங்கு, கோஸ் இலை, வாழைத்தார்த் தண்டு எல்லாம் ஒரே இடத்தில், வேறு எதுவும் கலக்காமல் உங்களிடம் கிடைக்கிறது. வீட்டுக் குப்பையில் இப்படிக் கிடைக்கவே கிடைக்காது. எருவுக்கோ எரிவாயுவுக்கோ இதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை. காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டக்காரர்கள் எரு கேட்டு அலைகிறார்கள். அந்த விவசாயிகளை அழைத்து ஒருநாள் உட்கார்ந்து பேசினால் வழி பிறக்கும். பொறுப்பு நகராட்சியுடையது என்று தள்ளாதீர்கள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறவர் தாமே கையாள வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம்.

இரண்டாவது, தெருவில் குடியிருப்பவர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். உங்கள் தெருவில் மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி வைக்க ஐந்தடிக்கு ஐந்தடி இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நகராட்சியில் நானும் கூட வந்து கேட்கிறேன். கோயில் நிலமோ, பள்ளிச் சுவர் ஓரமோ, யாராவது ஒருவருடைய காலி மனையோ இருக்கும். சருகுக்குப் பஞ்சம் இல்லாத ஊர் இது.

மூன்றாவது, கல்யாண மண்டபத்துக்காரர்கள். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரு முகூர்த்த நாளில் உங்கள் பின்பக்கம் சேரும் இலையும் மிச்சச் சோறும் தண்ணீர் பாட்டிலும் ஒரு தெருவின் ஒரு மாதக் குப்பைக்குச் சமம். உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் விருந்து வைத்தால் 3 வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லிப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மண்டபத்திலும் அதே ஒழுங்கு வேண்டும். வாடகை பேசும்போதே இலைக்கும் பாட்டிலுக்கும் தனித்தனிக் கூடை, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவருக்கு இவ்வளவு கூலி என்று பில்லில் எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் மறுக்க மாட்டார். மேளத்துக்கும் பந்தலுக்கும் கொடுக்கிறவர் இதற்கும் கொடுப்பார். உங்களில் நாலைந்து பேர் இங்கே இருப்பதைப் பார்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், அந்தப் பில்லில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்து பேசுவோம்.